பனிக்கட்டியில் வந்த இரத்தம்

குழாய் தெளிந்தே இருந்தது. இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் சோதனைக் கரைசலைச் சேர்த்தால், நோயெதிர்ப்புத் திரள்கள் மிகுந்திருப்பின் கலங்கவேண்டும், கலங்கவில்லை. ஆய்வுக்கூடப் பணியாளருக்கு மூச்சு சீராயிற்று. அது அவளுடைய அண்ணியின் இரத்தம்.

அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி உதிர்க்கும் பொருளும் அதனை எதிர்க்க உடல் அனுப்பும் எதிர்ப்பொருளும் பின்னிக்கொண்டு திரள்களாகின்றன. அவை குறைந்தனவா என்று பார்த்தபின்தான், இதே மருந்தைத் தொடர்வதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அண்ணனை அழைக்கக் கைப்பேசியை எடுத்தவள், இரத்தம் வந்த பெட்டியைப் பார்த்தாள். அடியில் பனிக்கட்டி உருகிக் கிடந்தது.

மூடியில் ‘குளிரூட்டற்க’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. படிப்பதற்கில்லையெனில் எழுத்தறிவு எதற்கு? தெளிநீரைப் பிரிக்கும்வரை இந்த இரத்தம் உடற்சூட்டில் இருக்கவேண்டும். குளிர்ந்தால் திரள்களிற் சில உறைந்த இரத்தக்கட்டியோடு அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது பொய்த்தெளிவு.

நோயாளர் பிரிவுக்கு ஓடிச் சென்று செவிலியரைக் கேட்டாள்.

“உங்க அண்ணி ரத்தமாச்சேன்னு நான்தான் ரெண்டு ஐஸ்கட்டி கூடவே போட்டேன்,” என்றார் அவர் அன்பாக.

அந்த அன்பை என்ன செய்வது? முடிவை அப்படியே அனுப்பினாலும் கேட்பாரில்லை. அண்ணியின் நரம்புகளோ மருந்தேறி ஒடுங்கிப் போனவை. காலையில் நான்கு இடங்களில் குத்திய பிறகே இரத்தம் வந்தது.

கட்டிலருகே சென்று, மறுபடியும் எடுக்கவேண்டும் என்றாள். அண்ணி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நாத்தனார் ரத்தத்த உறிஞ்சுவான்னு சும்மா சொல்லுவாங்க. நீ நெஜமாவே உறிஞ்சுறியே.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“மொதல்ல எடுத்தது என்ன சொல்லுச்சு?”

“நல்லாத்தான் சொல்லுச்சு, அண்ணி. ஆனா அத நம்ப முடியாது.”

அண்ணி போர்வையை விலக்கிக் கையை நீட்டினாள்.

“கூடப்பொறந்தவளா இருந்தா அதோட விட்டிருப்பா. எடு. என்ன வந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. உங்க அண்ணன்கிட்ட அப்புறம்.”

இம்முறை வெந்நீர்க் குடுவையில் குழாயை வைத்து அவளே எடுத்துச் சென்றாள். குடுவையின் சூட்டை வழிநெடுகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தெளிநீரைப் பிரித்தாள், கரைசலைச் சேர்த்தாள், விளக்கின் எதிரே பிடித்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பின்பு, நீரில் ஒரு சொட்டுப் பால் விழுந்தாற்போல், அடியிலிருந்து வெண்மை எழுந்து குழாய் முழுதும் பரவிற்று.

மேசைமேல் கைப்பேசி ஒலித்தது; அண்ணன். அவள் அதை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணியிடம் நடந்தாள்.