அப்பாவுக்கு எந்தப் பல்

மகளுக்கு ஐம்பது வயதாகிறது. சோபாவுக்கு உறை மாற்றித் தரும் கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறாள். ஆனாலும் அப்பாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். பல் டாக்டரின் அறைக்குள் நுழையும்போதுகூட, "பாப்பா, படி இருக்கு, பார்த்து வா" என்றார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் என்னவோ அவர்தான்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அப்பாவின் சொந்தப் பற்கள் அத்தனையும் போய்விட்டன. தாடை எலும்பில் திருகுகளை இறக்கி, அவை எலும்போடு பிடித்துக்கொள்ளும்வரை தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் செட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். இப்போது திருகுகள் கெட்டியாகிவிட்டன. மேலும் கீழும் நிரந்தரப் பல் பொருத்தலாம், அதை எதில் செய்வது என்பதுதான் பாக்கி. செலவைப் பற்றிப் பேச்சே இல்லை, அது அப்பாவின் சேமிப்பில் தயாராக இருந்தது.

டாக்டரம்மா இரண்டு மாதிரிகளை மேஜைமேல் வைத்தார்.

"இது அக்ரிலிக். உள்ளே உலோகம், மேலே பிளாஸ்டிக். லேசா இருக்கும், கடிக்கும்போது சத்தம் வராது. ஒரு பல் உடைஞ்சா இங்கேயே ஒட்டிடலாம். ஆனா தேயும், கறை பிடிக்கும். ஏழெட்டு வருஷத்துல மாத்த வேண்டி வரும். இது சிர்க்கோனியா. கல்லு மாதிரி. தேயாது, கறை பிடிக்காது. நல்லா பார்த்துக்கிட்டா இருபது வருஷம்கூட வரும். ஆனா உடைஞ்சா ஒட்ட முடியாது, புதுசாத்தான் செய்யணும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். சிர்க்கோனியாவை எடுத்து நகத்தால் தட்டினார். காதருகே கொண்டுபோய் இன்னொரு தடவை தட்டினார். 'டிங்' என்று கேட்டதும் மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல சரக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மகள் வாய் திறந்தது அப்போதுதான். கடைக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, எத்தனை வருஷத்துக்கு வேணும் என்பது. வாடகை வீட்டில் கொஞ்ச காலம் இருக்கப் போகிறவருக்கு எதற்கு ஆயுசுக்கும் உழைக்கிற ரெக்சின்? சாதாரணத் துணியே போதும் என்று சொல்லிவிடுவாள். நேர்மையான கடைக்காரி என்று பெயரெடுத்ததே அந்தக் கேள்வியால்தான். இங்கேயும் அவள் நல்லதைத்தான் நினைத்தாள். தற்காலிக செட்டே வாயில் பாரமாக இருக்கிறது என்று அப்பா காலையில்கூட முனகியிருந்தார்.

"இருபது வருஷம் வர்ற பல்லு அப்பாவுக்கு எதுக்கு டாக்டர்? ஏழெட்டு வருஷம் தாங்கினா தாராளம்."

டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். அப்பா கையிலிருந்ததைப் பதமாக மேஜையில் வைத்தார்.

"பாப்பா சொல்றது சரிதான். லேசானதையே போடுங்க."

அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலப்பா. வாய்க்கு பாரமா இருக்குமேன்னுதான்..."

"தெரியும்மா. நீ கணக்குப் போட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

காரில் வரும்போது கெஞ்சினாள். வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தாள். மறுநாள் அவருக்குத் தெரியாமல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, அந்தக் கெட்டியானதையே செய்துவிடுங்கள் என்றாள். "அவர் சொல்லணும்மா. அவர் வாயாச்சே" என்று பதில் வந்தது. திரும்ப அவரிடமே போய் நின்றால், "முடிஞ்ச விஷயத்தை விடு பாப்பா" என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பல் என்னவோ அமர்க்களமாக அமைந்துவிட்டது. ஆப்பிளைத் தோலோடு கடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வயது குறைந்துவிட்டது என்றார். குறைந்தது வேறு எது என்று மகளுக்கு மட்டும்தான் தெரியும். பின்பக்க அறையில் சின்னதாக ஒரு பட்டறை போடப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தவர், வாங்கிவந்த பலகைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். செருப்பு வாங்கப் போனால் தோல் செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெத்தைக் கடைக்காரப் பையன் பதினைந்து வருஷ உத்தரவாதம் என்று ஆரம்பித்தான். "அவ்வளவெல்லாம் வேணாம் தம்பி" என்று சிரித்தபடி கையமர்த்தினார். கடை நடுவில் நின்று ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தன் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்பதையே அவள் விட்டுவிட்டாள். பிடித்த துணியைக் காட்டுங்கள் என்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்த பரிசோதனைக்கும் அவளே கூட்டிப்போனாள். டாக்டரம்மா விளக்கைத் தாழ்த்தி, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, மேலே கீழே எல்லாம் பார்த்தார்.

"பரவாயில்லையே! தேய்மானமே இல்லை. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க. இப்படியே போனா பன்னிரண்டு, பதிமூணு வருஷம்கூட வரும் ஐயா!"

மகளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் சொன்ன கணக்கு பொய்த்துவிட்டது. இனி அப்பாவும் அதை மறந்துவிடுவார், பழையபடி ஆகிவிடுவார் என்று ஆசையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. சாய்வு நாற்காலியில், கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு, கொஞ்சம் சங்கடமாக அவள் பக்கம் திரும்பினார்.

"இந்த உடம்பு அவ்வளவு காலமெல்லாம் இழுக்காது பாப்பா" என்றார், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நீ ஒண்ணும் கவலைப்படாதே."