மூன்றாவது கோடு

"அந்தக் கத்தாழைல யாராவது கை வெச்சீங்கன்னா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்" என்று மாமனார் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று காலை அவர் முடிவெட்டப் போனதும் நான் கை வைத்தேன்.

பின்னே என்ன செய்வதாம்? மாமியார் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். அவர் வைத்த கற்றாழை ஜன்னலோரத் தொட்டியில் கழுத்து நீண்டு, சுற்றிலும் குட்டி போட்டு, குடிகாரன் மாதிரி என் தையல் மிஷின் மேல் சாய்ந்து கிடந்தது. தைக்க வந்த துணியிலெல்லாம் அதன் முள் மாட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடித்தண்டைத் தொட்டால் கொழகொழவென்றிருந்தது, நாற்றம் வேறு. இன்னும் பத்து நாள் விட்டால் குப்பைக்குத்தான் போகும். அது போனால் மாமனாரும் ஒடிந்துபோவார். ஏற்கெனவே தட்டை எதிரில் வைத்து மூன்று தடவை கெஞ்சினால்தான் ஒரு வாய் சாப்பிடுகிற மனிதர்.

அழுகலுக்குக் காரணம் முந்தின நாள்தான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். "அப்பா மறந்திருப்பாருன்னு தினமும் ஊத்துறேன்" என்றார். அப்பாவோ விடியும்போதே ஒரு செம்பு ஊற்றிவிடுகிறார். நான் மட்டும் என்ன யோக்கியம்? இவர்கள் இரண்டு பேரையும் நம்பாமல் மதியம் ஒரு குவளை ஊற்றி வந்தேன். மண் ஈரமாகத்தானே இருக்கிறது என்று ஒருத்தருக்காவது உறைத்ததா? எங்களைச் சொல்லணும்!

செய்தித்தாள் விரித்து, தொட்டியைப் படுக்கவைத்துத் தட்டினேன். ஆறு குட்டிகளை வேரோடு பிரித்து ஓரமாக வைத்தேன். கோடு போடாமல் எதையும் வெட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தையல் சாக்கட்டியை எடுத்துத் தாய்ச்செடியின் தண்டில் மூன்று கோடு போட்டேன்.

முதல் கோட்டில் அறுத்தேன். உள்ளே முழுக்கப் பழுப்பு. கத்தியைத் துடைத்துவிட்டு இரண்டாவது கோடு. நடுவில் இன்னும் பழுப்பு வட்டம். "ஏய், விளையாடாதே!" என்று செடியைத் திட்டினேன். மூன்றாவது கோட்டுக்கு மேல் வெறும் மடல்கள்தான். அங்கேயும் அழுகியிருந்தால் அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன்.

பழுப்பே இல்லை. சுத்தமான இளம்பச்சை.

"அடிப்பாவி!"

வாசலில் மாமனார் நின்றார். வெட்டிய முடி சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது.

"அவ கையால வெச்சதும்மா அது."

"அதனாலதான் மாமா வெட்டுனேன். வேற செடியா இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்." அழுகிய துண்டை அவர் கையில் கொடுத்தேன். "மோந்து பாருங்க."

மோந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தினமும் தண்ணி ஊத்துனேனேம்மா."

"நாங்களும்தான் ஊத்துனோம், மாமா."

வெட்டுவாய் காயட்டும் என்று மிஞ்சிய தலைப்பகுதியை ஐந்து நாள் நிழலில் வைத்தேன். பிறகு அடியில் ஓட்டையுள்ள புதுத் தொட்டியில், மணல் கலந்த மண்ணில் நட்டேன். குட்டிகளுக்குத் தனியாக வேறொரு தொட்டி. செம்பு, டம்ளர், குவளை மூன்றையும் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"ஒரு சொட்டு விடலாமா?" என்பார் மாமனார்.

"ஒரு சொட்டும் கிடையாது."

"அதுக்குத் தாகமா இருக்காதா?"

"இருக்கட்டும். அப்பதான் வேர் விடும்."

"அப்பாகிட்ட ஏன் இவ்வளவு கறாரா பேசுற?" என்று வீட்டுக்காரர் நடுவில் வந்தார்.

"உங்க டம்ளரும் உள்ளதான் இருக்கு. பேசாம போங்க" என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மதியம், தைத்துக்கொண்டிருந்த என்னை மாமனார் கூப்பிட்டார். செடியின் இரண்டு மடல்களை விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேங்குதும்மா."

"வேர் பிடிச்சிருச்சு மாமா!"

அவர் கையை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"செம்பைக் குடு" என்றார். கொடுத்தேன். தண்ணீர் பிடித்துவந்து, அரைச் செம்பை அளந்து ஊற்றினார். நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார். மீதியைத் தானே குடித்தார்.

அப்புறம் சமையலறைக்குப் போனார். தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"சாப்பிட என்னம்மா இருக்கு?" என்று அங்கிருந்து கேட்டார்.