நனைந்த மண்ணின் எடை

எங்கள் பொறியாளர் சங்கத்தில் தலைவர் பதவிக்கு நிற்பவர்கள், வாக்கெடுப்புக்கு முன்னால் மேடையேறி, தொழிலில் தாங்கள் செய்த பிழை ஒன்றை ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். சங்கத்தைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் நான் உறுப்பினரான இருபத்தாறு வருடத்தில் உருப்படியான பிழை ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வேலை வேலையென்று உடம்பைக் கவனிக்காமல் விட்டேன் என்பார் ஒருவர். எல்லாரையும் எளிதில் நம்பிவிட்டேன் என்பார் இன்னொருவர். கூட்டம் கைதட்டும். தற்பெருமைக்குப் பிழை வேஷம் கட்டி மேடையேற்றுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த வருடம் நிற்பது இரண்டே பேர். ஒருவர் என் அக்காவின் கணவர், இன்னொருத்தி நான். அத்தான் கட்டட வடிவமைப்பாளர். எதிரியைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்பும் வாய். அவருடைய அலுவலகத்தில் பதினாறு வருடம் சரிபார்ப்பாளராக இருந்தேன். அவர் போட்ட கணக்கை நான் என் தாளில் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் சிவப்புப் பேனாவால் டிக் அடிப்பேன். சங்கத்தில் என் பட்டப்பெயரே சிவப்புப் பேனாதான். பிறகு சொந்தமாக அலுவலகம் வைத்தேன். நாங்கள் எதிரெதிரே நிற்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தனை வருடம் அடுத்தவர் கணக்குக்கு டிக் அடித்தவளுக்கு ஒருமுறையாவது முன்னால் நிற்க ஆசை இருக்காதா?

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, மேடையில் சொல்வதற்கு ஆபத்தில்லாத ஒரு பிழையைத் தேடி என் பழைய கோப்புகளைப் பிரித்தேன். நானும் மற்றவர்களைப் போலத்தான். சின்னதாக, அழகாக, கடைசியில் கைதட்டு வாங்குகிற மாதிரி ஒன்று கிடைத்தால் போதும்.

கிடைத்தது வேறு. ஒன்பது வருடத்துக்கு முன் கட்டிய நூலகத்தின் கோப்பு அது. வாசலுக்கு மேலே தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் கூரை, அதன்மேல் மண் நிரப்பிய செடித் தோட்டம். அத்தானின் கணக்கில் மண்ணின் எடை காய்ந்த மண்ணின் எடையாக இருந்தது. மழையில் ஊறிய மண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் சிவப்பு டிக் பளிச்சென்று இருந்தது. நான் தனியாகப் போட்ட தாளைத் தேடினேன். அப்படி ஒரு தாளே இல்லை. அத்தான் கணக்கு தப்பாகுமா என்ற நினைப்பில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன்.

உடனே நூலகத்துக்குப் போனேன். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கூரையின் மேல்பக்கம் தெரியும். செடிகள் புதராக மண்டியிருந்தன. தண்ணீர் வடியும் துளைகளை வேர்கள் அடைத்துவிட்டன. இத்தனை வருடம் அந்தத் துளைகள்தான் கூரையைக் காப்பாற்றியிருக்கின்றன. முந்தின நாள் தூறலுக்கே மண்மேல் தண்ணீர் தேங்கி நின்றது. கூரை சுவரோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல், நீளவாக்கில், நான் இரண்டு கை விரித்தாலும் அடங்காது. கீழே பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள். என் அக்கா மகளும் தினமும் மாலையில் அங்கேதான் நிற்பாள்.

மறுநாள் காலை, செவ்வாய்க்கிழமை, அத்தானின் அலுவலகத்துக்குப் போய்த் தாளை மேஜைமேல் வைத்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். மறுபடியும் ஒருமுறை தட்டினார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்பது வருடம் நின்றது இரண்டு வாரம் நிற்காதா என்றார். இதற்கெல்லாம் சேர்த்துத்தானே கணக்கில் கூடுதல் பலம் வைக்கிறோம், ஊதிப் பெரிதாக்காதே என்றார். விரிசலைச் சொன்னேன். பூச்சு விரிசலாக இருக்கும் என்றார்.

"தேர்தல் முடியட்டும்மா. நானே ஆள் வெச்சு முட்டுக் கொடுத்துடறேன். இப்ப நீ வாயைத் திறந்தா ஓட்டுக்காகக் கிளப்பி விட்டாள்னுதான் பேசுவாங்க. அதுல இருக்கற டிக் உன்னோடதுங்கறதையும் மறந்துடாதே."

அவர் சொன்ன இரண்டுமே உண்மை. நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா மகள் போன் செய்தாள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, அப்பாவுக்கு மீட்டிங், வந்து கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டாள். வாசலுக்கே வருகிறேன் என்றேன்.

"வாசல் வேண்டாம் சித்தி, பின்பக்க கேட்டுக்கு வாங்க. முன்னாடி நிக்கவே கூடாதுன்னு அப்பா கண்டிப்பா சொல்லியிருக்கார். இங்க ஒரே சகதி, நாய்த் தொல்லை வேற. என்னன்னு கேட்டா காரணமும் சொல்ல மாட்டேங்கறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சு விரிசலுக்காக யாரும் மகளைச் சகதியில் நிற்க வைக்க மாட்டார்கள். தேர்தல் வரைக்கும் தாங்கும் என்று அவர் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. கால்குலேட்டரில் அவர் பார்த்த எண்ணும் நான் பார்த்த எண்ணும் ஒன்றுதான்.

கால் மணி நேரத்தில் நூலகத்தில் இருந்தேன். நூலகரைப் பிடித்து முன்வாசலைப் பூட்ட வைத்தேன். கீழே நின்றவர்களை நானே அதட்டி விரட்டிவிட்டுக் குறுக்கே கயிறு கட்டினேன். கூரை பாதுகாப்பானதல்ல, கணக்கைச் சரிபார்த்ததில் பிழை என்னுடையது என்று என் உரிம எண்ணோடு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்று இரவே மழை கொட்டியது. காலையில் முட்டுக் கொடுக்க வந்த மேஸ்திரி, விரிசலுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.

சங்கத்தில் கதை வேறு மாதிரிப் பரவியது. பதவிக்காகச் சொந்த அத்தானையே சந்திக்கு இழுத்துவிட்டாள் என்றார்கள். அக்கா போன் செய்தாள்.

"அவரை மட்டுமில்ல, என்னையும் சேர்த்துத்தான் தெருவுல நிறுத்திட்டே. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே."

பின்பக்க கேட்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் யாரோடு வாழ்வது?

கூட்டத்தன்று நான்தான் முதலில் பேசினேன். எழுதி எதுவும் எடுத்துப் போகவில்லை. ஒரு பக்கத்தைக் கணக்குப் போடாமலே டிக் அடித்தேன், ஒன்பது வருடம் அதன் கீழே ஆட்கள் நின்றார்கள், தெரிந்த பிறகும் சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. வடிவமைத்தது யார், அதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சீண்டினார். என் பிழையைச் சொல்லத்தான் ஏறினேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்து அத்தான். மடித்த தாளைப் பிரித்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அவர் தாளைத்தான் வாசித்தார். கட்டடங்களின் பின்னாலேயே ஓடி, மகள் வளர்ந்ததைப் பார்க்கத் தவறிவிட்டேன், அதுதான் என் வாழ்வின் பெரிய பிழை என்றார். குரல் தழுதழுத்தது. அரங்கம் கைதட்டித் தீர்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று என்று ஜெயித்தார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து என் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும் கோப்பில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த டிக் என்னுடையதுதான்.

வெளியே வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் வந்தாள். உள்ளே கடைசி வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பாவுக்கு எப்போ தெரியும் சித்தி?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"செவ்வாய்க்கிழமை காலைல" என்றேன்.

"அன்னிக்குச் சாயந்திரம்தான் என்னைப் பின்பக்கம் நிக்கச் சொன்னார்" என்றாள். பிறகு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு?"

"திங்கட்கிழமை."

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அங்கதான் நின்னுட்டிருந்தாங்க" என்றாள்.

உள்ளே புதுத் தலைவரைப் பேச அழைத்தார்கள். அவள் அரங்கத்துக்குள் திரும்பிப் போகவில்லை. என் கார் நின்ற பக்கமும் வரவில்லை. பேருந்து எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.