பதினேழாம் பாத்தியில் ஊடுபயிர்

எங்கள் தண்ணித்தொட்டித் தோட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குள் அவரவர் பாத்தியை அவரவர் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். காலையில் ஏழு மணிக்குள் கொண்டுவந்து விரித்துவிட வேண்டும். மொத்தம் நாற்பது பாத்தி. என்னுடையது பதினேழு.

மடிப்பது பெரிய வித்தை இல்லை. வாய்க்கால் ஓடுகிற கோட்டிலேயே மடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் நாலாக, பிறகு எட்டாக. தண்ணீர் விட்ட ஒரு மணி நேரத்துக்குள் மடித்தால் சுருக்கம் விழுந்துவிடும், அந்தச் சுருக்கம் அடுத்த மழை வரைக்கும் போகாது. முள் உள்ள செடியை உள்பக்கமாக வைத்து மடிக்க வேண்டும். மண்புழுக்களுக்குப் பழக்கம்தான். ஐந்தே முக்காலுக்கே நடுவில் வந்து கூடிவிடும். பாத்தியை பீரோவில் வைக்கிறவர்கள் அந்துருண்டை போடக் கூடாது. பக்கத்துப் பாத்திக் கொடி நம் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அதில் காய்க்கிறது நமக்கு. மறுநாள் காலையில் கொடியை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டை வருவதெல்லாம் இதில்தான். பதினாறாம் பாத்தி டீச்சரம்மா பாகற்கொடியை வேண்டுமென்றே என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் வீட்டில் யாரும் பாகற்காய் தின்பதில்லை.

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி உண்டு. திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சங்கச் செயலாளர் அங்கமுத்து நோட்டோடு வரப்பில் நடந்து வருவார். அப்போது விரிக்காமல் இருக்கிற பாத்தி, காத்திருக்கிறவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். போனது போனதுதான். நான் அந்த வரிசையில் ஒன்பது வருஷம் நின்றவன்.

இப்போது முதல் ஆள் நாச்சிமுத்து. மிளகாய் நாற்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு தினமும் கேட்டுக்கு வெளியே நிற்பார். நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் விசாரிக்காமல் விட மாட்டார்.

"ஏனுங்ண்ணா, ஒடம்பெல்லாம் எப்படி இருக்குதுங்?"

"நல்லாருக்கறன் நாச்சிமுத்து."

"நல்லாவேவா?" என்பார், கொஞ்சம் வருத்தமாக.

நான் முப்பது வருஷம் ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். படிப்பு நாலாங்கிளாஸோடு சரி. ஆனால் எட்டு மேஜை ஆர்டரையும் எழுதாமல் காதிலேயே வைத்துக்கொள்வேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பாத்தி போனதும் அந்தச் சப்ளையர் புத்தியால்தான், கிடைத்ததும் அந்தக் காதால்தான்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் கல்யாணம். பாத்தியில் கத்தரி பூ விட்டிருந்த நேரம். புறப்படும்போது என் சம்சாரம் பாவாயி சொன்னாள்:

"பூ விட்ட செடிய ஊட்ல தனியா வெச்சுட்டுப் போனா ஏக்கத்துலயே கொட்டிப் போயிருமுங். கூட எடுத்துக்குங்."

எட்டாக மடித்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். அதே வீட்டுப் பெரிய பெண்ணின் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை அது.

மண்டபத்தில் பந்திக்கு ஆள் பற்றவில்லை. ரசம் வருகிறது, ரசம் வருகிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு வரிசை முழுக்க இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. வேட்டியை மடித்துக் கட்டி வாளியை வாங்கிவிட்டேன். பையைத் தாம்பூலம் கொடுக்கிற மேஜைமேல் வைத்து, அங்கே நின்ற பெண்ணிடம் "பாத்துக்க கண்ணு" என்றேன். அது நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. யாரோ கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்தும்விட்டது. குற்றம் சொல்ல முடியாது. எல்லாப் பையும் அதே மஞ்சள். நான் வந்து, வைத்த இடத்தில் இருந்த பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பாத்திக்குக் காற்றுக் காட்டலாம் என்று பாவாயி பையைப் பிரித்தாள். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ரெண்டு வாழைப்பழம்.

"பரவால்லீங்" என்றாள். "நாளைக்கி இந்தத் தேங்காய விரிச்சுத் தண்ணி ஊத்துவம்."

நான் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

"ஒம்பது வருசம் காத்திருந்து வாங்குன பாத்திய ஒரு வாளி ரசத்துல கரைச்சுட்டு வந்துட்டீங்க. அங்கமுத்து எட்டு மணிக்கு வந்துருவாரு. நாச்சிமுத்து ஏழு மணிக்கே வந்துருவாரு." செடிக்குத் தண்ணீர் விடுகிற செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஆமாங் மாமா, ஒருத்தரு கொட்டாவி விட்டுட்டே வாங்கீட்டுப் போனாருங். ஏன் இவ்வளவு கனம்னு கேட்டாரு. ரெண்டு தேங்கா விழுந்திருக்கும் போங்கன்னேன்."

கொட்டாவி என்றதும் ஆள் தெரிந்துவிட்டது. மூன்றாம் பந்தி, ஜன்னல் ஓரம். நான் ரசம் ஊற்றப் போனபோது பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பதினோரு வருஷமாகக் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை என்று. பக்கத்து இலைக்காரர் ஒரு தைலம் அனுப்புவதாகச் சொல்ல, இவர் விலாசம் சொன்னார். வெள்ளகோவில், முத்தூர் ரோடு, டயர் கடைக்கு மேல் மாடி, தெய்வசிகாமணி. ரசம் ரெண்டு கரண்டி வாங்கினார்.

அடுத்த பஸ்ஸில் ரெண்டு பேரும் ஏறினோம். பாவாயி தேங்காயையும் எடுத்துக்கொண்டாள். "அவிங்க தேங்காய அவிங்களுக்குக் குடுத்தரோணுமுங்" என்றாள்.

டயர் கடை மாடியில் கதவைப் பாதி திறந்தது தெய்வசிகாமணியின் சம்சாரம், சுலோசனா. உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாப் பேசுங். அவரு தூங்கறாரு."

நடுக்கூடத்தில் எங்கள் பாத்தி விரித்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு வரிசை கத்தரி, அந்தப் பக்கம் ஒரு வரிசை கத்தரி, நடு வாய்க்காலில் தெய்வசிகாமணி. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. பாவாயி உட்கார்ந்து முதலில் செடியைத்தான் பார்த்தாள்.

"ஒரு பூக்கூடக் கொட்டலீங்" என்றாள் என்னிடம்.

"நானு ஜமுக்காளம்னு நெனச்சேனுங்" என்றார் சுலோசனா. "இந்த ஒரு கல்யாணத்துலயாவது உருப்படியா எதோ குடுத்திருக்கறாங்களேன்னு விரிச்சேன். சும்மா படுத்துப் பாருங்கன்னு படுக்க வெச்சேன். மூணு மணிக்குக் கண்ண மூடினவருங்."

நாங்கள் தேங்காயைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னோம். காலை எட்டு மணிக்கு இது தோட்டத்தில் விரித்திருக்க வேண்டும். மடிப்பு அவர் படுத்திருக்கிற கோட்டில்தான் வருகிறது. அவர் எழுந்தால்தான் மடிக்க முடியும்.

சுலோசனா தேங்காயைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார்.

"எழுப்பறதுன்னா நீங்களே எழுப்பிக்குங்" என்றார். "ஆனா ஒண்ணுங். அவரு முழிச்சிருந்த பதினோரு வருசமும் நானும் கூட முழிச்சிருந்தவ. அதயும் நெனச்சுட்டு எழுப்புங்."

பாவாயி பாத்தியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மடிக்காம எடுத்துட்டுப் போயரலாமுங்" என்றாள்.

சுலோசனா தோசை சுட்டுப் போட்டார். சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொண்டோம். விடிந்ததும் டயர் கடை ஆட்கள் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, பாத்தியை அவரோடு சேர்த்து இறக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். சுலோசனா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். வேகத்தடை வந்தபோதெல்லாம் டிரைவர் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து, பிறகு ஏற்றினார். ஓரிடத்தில் தெய்வசிகாமணி "மணி என்ன?" என்றார். "இன்னும் ஆவலீங்" என்றார் சுலோசனா. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏழே முக்காலுக்குத் தோட்டத்துக்கு வந்தோம். நாச்சிமுத்து நாற்றோடு நின்றார்.

"ஏனுங்ண்ணா, பாத்தி இன்னைக்கி நெம்பக் கனமாட்ட இருக்குது" என்றவர், நாங்கள் கேட்காமலேயே ஒரு மூலையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விரிக்க உதவினார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

எட்டு மணிக்கு அங்கமுத்து வந்தார்.

"பதினேழு. என்ன பயிரு?"

"கத்தரிங்."

"நடுவுல?"

பாவாயி முந்திக்கொண்டாள். "ஊடுபயிருங்."

அங்கமுத்து நோட்டைப் புரட்டினார். ஊடுபயிர் வைக்கலாம், ஆனால் முதல் பயிருக்கு நிழல் அடிக்கக் கூடாது என்று இருந்தது. குனிந்து பார்த்தார். மடக்கி வைத்திருந்த முழங்கால் ரெண்டு கத்தரிக்கு நிழல் அடித்தது. சுலோசனா காலை நீட்டிவிட்டார். வெயில் செடிமேல் விழுந்தது. அங்கமுத்து எழுத ஆரம்பித்தார்.

"ஒரு நிமிசமுங்" என்றார் நாச்சிமுத்து. ஆறு வருஷமாக நிற்கிறவர். "இது களைங். பாத்திக்காரரு நடாம பாத்தியில இருக்கற எல்லாம் களைதான்னு நோட்டுலயே இருக்குது. களை இருந்தா பாத்தி அடுத்த ஆளுக்குங்."

அங்கமுத்து அந்தப் பக்கத்தையும் எடுத்துப் படித்தார். அப்படித்தான் இருந்தது. வரப்பில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். டீச்சரம்மாகூடக் கொடியை விட்டுவிட்டு நின்றார்.

"சென்னியப்பண்ணா, இது நீங்க நட்டதா?" என்று அங்கமுத்து என்னைக் கேட்டார்.

நான் இல்லை. பாவாயியும் இல்லை. பொய் சொன்னால் நோட்டில் ஏறிவிடும், பிறகு எதுவும் முளைக்காது. பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தானுங் வெச்சேன்" என்றார் சுலோசனா. "தல கெழக்கால இருக்கோணும்னு பாத்துப் பாத்து வெச்சேன்."

"நீங்க பாத்திக்காரங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அங்கமுத்து.

சுலோசனா பாவாயியைப் பார்த்தார்.

"எந் தங்கச்சியாட்டங்" என்றாள் பாவாயி. "நேத்துல இருந்து."

அங்கமுத்து "நடவு ஆள்: தங்கை, நேற்று முதல்" என்று எழுதிக்கொண்டார். பிறகு தெய்வசிகாமணியின் கால் கட்டை விரலைப் பிடித்து, களை பிடுங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம் அழுத்தி இழுத்தார். அப்போதும் வரவில்லை.

"வேர் புடிச்சிருச்சு. களை இப்படிப் புடிக்காது" என்று சொல்லி, பதினேழுக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனார்.

நாச்சிமுத்து சாக்கைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார். மறுநாளிலிருந்து டீச்சரம்மாவின் உடம்பை விசாரிக்க ஆரம்பித்தார்.

வேர் பிடித்த பாத்தியை மடிக்க முடியாது என்பதால், ஊடுபயிர் நிற்கிற பாத்தி ராத்திரியும் விரித்தே கிடக்கலாம் என்று சங்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். சுலோசனா தினமும் காலை பஸ்ஸில் வந்து அவர் காலடியில் ஒரு சொம்பு மோர் ஊற்றுவார். ஊற்றிவிட்டு வரப்பு ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தால் பாவாயி சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். கத்தரிக்குக் குறட்டை ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. அந்த வருஷம் ஒரு காயில்கூடச் சொத்தை இல்லை.

புரட்டாசி மழை நின்ற மறுநாள் போய்ப் பார்த்தால், அவர் காலடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ரெண்டு பக்கக் கன்று வந்திருந்தது. ஒரு முழ உயரம் இருக்கும். ரெண்டும் மீசையோடேயே வந்திருந்தன, கண்ணை மூடிக்கொண்டு.

சுலோசனா குனிந்து பார்த்தார்.

"வலது பக்கத்தத இப்பப் பிரிக்காதீங், இன்னுங் கொஞ்சம் தேறட்டும்" என்றார். "எடது பக்கத்தது எங்கூடப் பொறந்த அக்காளுக்குச் சொல்லியாச்சுங். தொட்டிகூட வாங்கி வெச்சுட்டா."

"அப்பத் தாய் மண்ணோட ஒரு பிடி எடுத்துட்டுப் போங்" என்று பாவாயி மண்வெட்டி எடுத்துவரப் போனாள்.