கொடி கை மாறும் இடம்

நானும் என் கணவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது ஒரு தண்ணீர்க் கேனைப் பற்றி. எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. குடியிருப்பது மூன்றாவது மாடி. அன்று மாலை நான் நூலகத்திலிருந்தும் அவர் கண்ணாடிக் கடையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்தோம். கேன் போடுகிறவன் வழக்கம்போல வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். நாள் முழுக்கப் புத்தக அலமாரிகளுக்கிடையே ஏணியில் ஏறி இறங்குகிறவளுக்கு அது ஒரு பாரமே இல்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாரத்தான்காரரே, கட்டின லேஸையே எத்தனை தடவை கட்டுவீங்க?" என்று கத்தினேன்.

"கேனைத்தான் நீ தூக்கிட்ட. நான் லேஸாவது கட்ட வேண்டாமா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் புதன்கிழமை. நான் கண் விழிப்பதற்கு முன்பே ஓடக் கிளம்பிப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறவர் அவர். புதன்கிழமையில், தனியாக, ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுப் பாதைக்கு ஏன் போனார் என்று யாருக்கும் புரியவில்லை. முதல் வளைவுக்குச் சற்று மேலே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த பால் வண்டிக்காரர், யாரோ இளைப்பாறுகிறார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். திரும்பி வரும்போதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதயம் என்றார்கள்.

அவருடைய அண்ணன் வந்து எல்லாவற்றையும் தங்கள் ஊரிலேயே வைத்து முடித்தார். நான் வீடு திரும்பியபோது துணைக்கு என் தங்கை கூட வந்தாள். அவளுக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளை எல்லாம் வாரிக் கட்டிலில் கொட்டி, "நீ மடி அக்கா, உனக்கும் ஒரு வேலை ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு மடிக்கத் தொடங்கினேன். தொடைக்குக் கீழே துணிக் குவியலில் என் கால்களே தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது. தங்கை கதவைத் திறந்தாள். ஒரு ஆண்குரல் தணிந்து கேட்டது. "அண்ணி படுத்திருக்காங்களா?"

"இல்லையே, உக்காந்துதான் இருக்கா."

"அப்பாடா. உக்கார முடியுதா? நல்லது நல்லது."

துக்க வீட்டில் எதை எதையோ கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பேர் அறைக்குள் வந்தார்கள். மூவரும் ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் சொல்லக் கேட்டிருந்ததால் ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிந்தது. நரைத்த மீசைக்காரர் பல் டாக்டர், கூட்டத்தின் தலைவர். ஒல்லிப் பையன் கூரியர் கம்பெனிக்காரன்; எடுத்த எடுப்பில் பறந்துவிட்டுப் பாதியில் படுத்துவிடுவதால் அவனுக்குப் புயல் என்று பட்டப்பெயர். குட்டை முடி வைத்த பெண் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். என் கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, கடிகாரம். சமதளத்தில் எவ்வளவு தூரமானாலும் அவருடைய வேகம் இம்மி பிசகாது என்பார்கள்.

வந்தவர்களுக்கு நாற்காலி போடலாம் என்று துணிகளை ஒதுக்கினேன். டாக்டர் பதறி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வேணாம் அண்ணி, வேணாம். நீங்க சிரமப்படாதீங்க. அண்ணன் எல்லாம் சொல்லியிருக்காரு."

"என்ன சொல்லியிருக்காரு?"

"உங்க காலைப் பத்தி."

எனக்கு விளங்கவில்லை. அதற்குள் தங்கை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, வெளியில சக்கர நாற்காலி ஒண்ணு நிக்குது. பக்கத்து வீட்டுக்கு வந்ததா?"

"நாங்கதான் எடுத்துட்டு வந்தோம்" என்றான் புயல். "அண்ணிக்கு."

தங்கை வாயைத் திறந்தாள். சின்ன வயதில், அப்பா முன்னால் அவள் எதையாவது உளறப் போகும்போது நான் ஒரு பார்வை பார்ப்பேன். அதே பார்வையைப் பார்த்து, "போய் டீ போடு" என்றேன். திறந்த வாயோடு போனாள்.

அவர்கள் பேசப் பேச எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. நான் பல வருடங்களாகப் படுத்த படுக்கையாம். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாதாம். புது ஆட்களைப் பார்த்தால் மனம் உடைந்துவிடுவேனாம். அதனால்தான் யாரும் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் குன்றின் அடிவாரத்தைத் தொட்டதும் அவர், "அவ முழிச்சிருப்பா, நான் போய்த்தான் தூக்கி உக்கார வெக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

"தலை வாரி விடறதைச் சொல்லுவாரு பாருங்க" என்றாள் டிரைவிங் ஸ்கூல்காரி. "சிக்கு எடுக்கும்போது உங்களுக்கு வலிக்காம இருக்க முடியை நடுவுல பிடிச்சுக்கணும்பாரு. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அந்த மனுஷன் சீப்பை எடுத்து என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஒருநாளும் எனக்குத் தலை வாரியதில்லை. நான் கேட்டதும் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் நானே அள்ளி முடிந்துகொண்டு ஓடுகிறவள். அவர் மனதுக்குள் படுத்திருந்த அந்தப் பெண் மீது, காலில்லாத அந்தப் பெண் மீது, எனக்குப் பொறாமை வந்தது. கணவன் செத்து மண் ஈரம்கூடக் காயவில்லை, இல்லாத ஒருத்தி மீது பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று கூசியது. உள்ளே இன்னொன்றும் சேர்ந்து உறுத்தியது. எழுந்து நின்றால் போதும், ஒரே நொடியில் அவர் பொய்யனாகிவிடுவார். அவர் நேசித்த இந்த மூன்று முகங்களும் மாறிப்போகும். நான் எழவில்லை.

"அடுத்த மாசம் மலைப் போட்டி" என்றார் டாக்டர். "அண்ணன் இல்லாம திட்டத்தை மாத்தணும். உங்க முன்னாடி பேசினா அவரே கூட இருக்கற மாதிரி இருக்கும்னு தோணுச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"பேசுங்க" என்றேன்.

புயல் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு அவருடைய துண்டு ஒன்றை நீளமாக விரித்தான். "இது சமதளம். இங்க அண்ணன்தான் பேஸர்." பேஸர் என்றால் கையில் கொடியோடு முன்னால் ஓடுகிறவர், மற்றவர்கள் அவருடைய வேகத்தைத் தாண்டவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. துண்டு முடிகிற இடத்தில் என் கால் மேலிருந்த துணிக் குவியல் தொடங்கியது. "இங்கதான் அடிவாரம். அண்ணன் கொடியை டிரைவிங் ஸ்கூல் அக்காகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குத் திரும்பணும்ல, அதுக்காகவே கொடி மாத்தற இடத்தை இங்க வெச்சோம். வேற எந்த டீமும் இப்படிப் பண்ண மாட்டாங்க. இது சின்ன மேடு. இதுதான் பெரிய மேடு." அவன் விரல் என் முழங்காலில் ஏறி, இறங்கி, பாதத்தின் மேல் வந்து அழுந்தியது. எனக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய நீலச் சட்டையின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறக்கத்துல இவனைக் கடைசியில போடணும்" என்றார் டாக்டர். "இல்லேன்னா உருண்டுக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவான்."

"சேர்ந்தா சரிதானே டாக்டர்?"

"சேருவ. பல்லு பின்னாடி வரும். நான்தான் கட்டணும்."

டீ வந்தது. தங்கை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே தம்ளரை நீட்டினாள். டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துண்டையே பார்த்தபடி சொன்னார்.

"அவர் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் அண்ணி, நாங்க எல்லாரும் சேர்ந்து அவர்கிட்ட சொன்னோம். போட்டி அன்னைக்கு ஒரு நர்ஸ் ஏற்பாடு பண்ணிட்டோம், உங்களை இந்த நாற்காலியில வெச்சு முடிவுக் கோட்டுக்கே கூட்டிட்டு வந்துடறோம், அண்ணே, நீங்க பாதியில திரும்ப வேணாம், மலையையும் சேர்த்து முழுசா ஓடுங்கனு. அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். சந்தோஷத்துல பேச்சே வரலை மனுஷனுக்கு."

என் வாயில் டீ கசந்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் பணம் போதாமல் போனபோதும், கடையில் சின்ன வயசு முதலாளி அதட்டியபோதும் அவர் முகம் அப்படித்தான் ஆகும். அது சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை அவர் குன்றுக்குப் போயிருக்கிறார், ஏறிப் பழகிக்கொள்ள.

"ஒண்ணே ஒண்ணுதான் புரியலை" என்றார் டாக்டர். "தனியா எதுக்கு அங்க போனாரு? மூச்சு வாங்கறது, நெஞ்சு அடைக்கிறதுனு உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

"மேட்டுல முடியாதவங்க உங்க கூட்டத்துல என்ன பண்ணுவாங்க?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, அன்போடு சிரித்தார். "முடியாதவங்கனு எங்ககிட்ட யாருமே இல்லையே அண்ணி."

"என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை" என்றேன். அது ஒன்றுதான் மூவரிடமும் நான் சொன்ன முழு உண்மை. ஆனால் தனியாக எதற்குப் போனார் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

கிளம்பும்போது புயல் என் பாதங்களிருந்த பக்கமாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். ஆண்கள் இருவரும் படியிறங்கினார்கள். டிரைவிங் ஸ்கூல்காரி மட்டும், தம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி நின்றாள். தம்ளர்களை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நாள் முழுக்க ஜனங்க காலைத்தான் அண்ணி பார்க்கறேன். கிளட்ச்ல இருக்கா பிரேக்ல இருக்கானு. அவன் பெரிய மேட்டைத் தொட்டப்போ துணிக்குள்ள உங்க கால் இழுத்துச்சு."

அவள் துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஏணிப்படியில் நின்று நின்று காய்த்துப்போன இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. இழுத்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கம் என் உடம்பின் எந்தப் பாகத்துக்காகவும் நான் பட்டதில்லை.

"அவரால மேடு ஏற முடியாதா?"

"ரெண்டாவது மாடியில நின்னு லேஸ் கட்டுவாரு. நான் கிண்டல் பண்ணுவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ நாங்கதானா அண்ணி?" என்றாள். "அந்த நர்ஸ், நாற்காலி எல்லாம்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டாள், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல.

"டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம். அவர் அவ்வளவு பாடுபட்டு மறைச்சது."

சொன்னதுமே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மறைத்ததுதான் அவரைக் கொன்றது. அதையே நானும் இப்போது எடுத்து, துணியைப் போல மடித்து அலமாரியில் வைக்கிறேன். "ஒண்ணு மட்டும் பண்ணு" என்றேன். "மேட்டுல யாராவது லேஸ் கட்டக் குனிஞ்சா, நீயும் நில்லு. ஏன்னு கேக்காத. கூட நில்லு."

"கொடி என் கையிலதானே இருக்கும்" என்றாள். "நான் நின்னா எல்லாரும் நிப்பாங்க."

போட்டி நடந்து முடிந்தது. கொடியை அடிவாரத்திலேயே கை மாற்றினார்களாம். அவர் இல்லாவிட்டாலும் அந்த இடத்தை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லையாம். பெரிய மேட்டில் அவள் இரண்டு தடவை நின்றாளாம், ஏன் என்று டாக்டர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். சக்கர நாற்காலியைத் தங்கை, கீழ்வீட்டில் இடுப்பு முறிந்து கிடந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்குப் போனாள். நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஏணியில் ஏறுகிறேன், கேனைத் தூக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர்கள் கடந்து போகும்வரை தெருவில் இறங்குவதில்லை.

இப்போதும் அவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் ஓடுகிறார்கள். தெருமுனையில் புயலின் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம் டாக்டரின் சிரிப்பு. நான் எழுந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். எங்கள் கட்டடத்தை நெருங்கியதும் பேச்செல்லாம் சட்டென்று நின்றுவிடும். மேலே படுத்திருப்பவள் விழித்துவிடக் கூடாது என்று அவர் இருந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். ஷூக்களின் சத்தம் மட்டும் கடந்து போகும். கடைசி வரிசையில் ஓடும் குட்டை முடிக்காரியும் வாயைத் திறப்பதில்லை.