முள்ளைத் தள்ளும் கை

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். மேற்பார்வையாளர் பெஞ்சின் மேல் ஏறி, படிப்புக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளினார். நிறுத்திய இடத்தில் அசையாமல் நிற்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தூண். அந்தத் தூண் இப்படி ஏறி இறங்கும் என்பது, வாசலில் வந்து நின்ற இயற்பியல் ஆசிரியைக்கு அன்றுதான் தெரிந்தது.

"கண்டுக்காதீங்க மிஸ். அரை மணி கூடப் படிச்சா தேய்ஞ்சா போயிடுவாங்க?"

தேய்ந்துதான் போயிருந்தான் அவள் தம்பி. டாக்டர் படிப்புக்கான நுழைவுத்தேர்வுப் பயிற்சி விடுதி அது. சேரும்போதே கைக்கடிகாரத்தையும் போனையும் பிடுங்கிக்கொள்வார்கள். கவனம் சிதறுமாம், ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பெயின்ட் அடித்திருந்தார்கள். அவள் அங்கே இயற்பியல் எடுத்ததால் தம்பிக்குக் கட்டணத்தில் சலுகை. ஆசை ஆசையாய்க் கொண்டுவந்து சேர்த்தவளும் அவளே. மூட்டை தூக்கும் அப்பா, அவள் பட்டம் வாங்கிய அன்று, அடுத்தது டாக்டர்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். போன லீவில் தம்பி சோற்றில் கையை வைத்தபடி பாதி வார்த்தையில் தூங்கிப்போனான். படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைக்க இப்போது தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. வாயைத் திறந்தால் தன் வேலை, அவன் இடம் இரண்டும் போகும். போகட்டும்.

மாலை வகுப்பில் ஒரு பெண் கருந்துளையைப் பற்றிக் கேட்டாள். பாடத்தில் இல்லாததுதான். ஆனாலும் பதில் சொல்ல அவள் சாக்பீஸை எடுத்தாள். நிறை மிகுந்த பொருள் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையே வளைக்கும், காலத்தையும் இழுத்துப் பிடிக்கும் என்றாள். கருந்துளையை நெருங்குகிறவனின் கடிகாரம் தூரத்தில் இருப்பவர்களுக்கு மெதுவாகிக்கொண்டே போவதாகத் தெரியும். விளிம்பில் அவன் அப்படியே நின்றுவிட்டது போலத் தோன்றி, சிவந்து, மங்கி, மறைவான். அவனுக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது. தன் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்றே நினைப்பான். விளிம்பைத் தாண்டிவிட்டால் எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அது உள்ளே போகிற பக்கம்தான். நமக்கு நாளை வருவதை நிறுத்த முடியாதது போல, அவனுக்கு அந்த நடுப்புள்ளி வந்தே தீரும்.

"அங்க போய் உக்காந்து படிச்சா வயசே ஆகாதா மிஸ்?" என்றான் பின்வரிசைக்காரன். கூடம் சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தான்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். சுவரைக் காட்டி, அந்தக் கடிகாரம் பொய் சொல்கிறது, உங்கள் தூக்கத்தைத் தினமும் திருடுகிறார்கள் என்று போட்டு உடைத்தாள். கத்துவார்கள், பெஞ்சைத் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வி கேட்ட பெண் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

தம்பிதான் மெதுவாக எழுந்தான். வகுப்பில் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி.

"தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"அவர் தள்ளுறது பத்தல. அவர் போனதும் நாங்க தள்ளுவோம். ஆளுக்கு ஒரு நாள் முறை." ஆறுதல் சொல்வதைப் போல அவன் குரல் இறங்கியது. "வெளிய உள்ளவங்களுக்கு நாள் ஓடிடுதுக்கா. எங்களுக்கு மிச்சமாகுது."

அது மிச்சம் இல்லைடா, எல்லாம் தலைகீழ், முள்ளைப் பின்னால் தள்ளினால் பரீட்சை தள்ளிப்போகாது, உன் உடம்புதான் தீரும் என்று சொல்ல வாயெடுத்தாள். கணக்குப் போட்டே காட்டியிருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் நிம்மதி இருந்தது.

"பையை எடு. வீட்டுக்குப் போறோம்."

"இதோ வரேன்க்கா. இந்த ஒரு கணக்கு."

அவள் வரிசைக்குள் புகுந்து அவன் கையைப் பிடித்தாள். சுட்டது. இழுத்ததும் முரண்டு பிடிக்காமல் கூடவே வந்தான். பேனா கீழே விழுந்து உருண்டது. கதவு வரை நடந்தார்கள். அவன் கண் எதையும் பார்க்கவில்லை. அவள் பிடிக்குள் இருந்த அவன் விரல்கள் மட்டும் நிற்காமல், அவள் உள்ளங்கையில் எண் எண்ணாக எழுதிக்கொண்டே வந்தன.