சாயாமல் பிடிக்க ஓர் ஆள்

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாகேந்திரன் மறுபடியும் வலப்பக்கம் சாய்ந்தார். இடுப்பில் கயிறு கட்டியாயிற்று, முதுகுக்குத் தலையணை வைத்தாயிற்று. செத்த பிறகும் மனுஷன் சொல்பேச்சு கேட்கவில்லை.

"தீட்ச வாங்குனவரு. உக்கார வெச்சுத்தான் அடக்கம் பண்ணணும்," என்று அவர் மனைவி சுசீலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்பத்தூர் ரோட்டுப் பள்ளங்களில் பூவண்டி குலுங்கினால் ஆள் உருண்டு விழுந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மகன் கோகுல்நாத் ஈரத்துணியோடு முன்னால் நடக்க வேண்டியவன். வாட்டசாட்டமான பையன்களெல்லாம் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, நீ ஏறிக்கோ," என்றான் கோகுல்நாத்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "யாரு, உத்தமனா? தெருமுக்கு வரிக்கும்தான் வருவாரு. அப்பால அவருக்கு வவுறு வலிக்கும்."

பொய்யில்லை. பெற்ற அப்பனைத் தூக்கியபோதே உத்தமன் தெருமுக்கோடு திரும்பியவர். பிணத்தைக் கண்டால் அவர் விரல் தன் நாடியைத் தேடிப் போகும்.

அண்ணன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சித்தர் சமாதிக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்ததெல்லாம் உத்தமனுக்கு ஏமாற்று வேலை. சாமியாரை நம்பமாட்டார், டாக்டரையும் நம்பமாட்டார். தட்டிப் பார்க்காமல் தேங்காய்கூட வாங்கமாட்டார். சாவு வந்து முன்னால் நிற்கட்டும், அண்ணன் தியானத்தின் லட்சணம் அப்போது தெரியும் என்று இருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியதும், அதைப் பார்க்கத்தான் நேற்றுக் காலை போனார்.

"இன்னாடா, மீட்டர் பாக்க வந்தவனாட்டம் வாசல்லியே நிக்கிற?" என்றார் அண்ணன், கட்டிலில் படுத்தபடி.

"உனுக்கு பயமா இல்லியாண்ணே?"

"இருந்துச்சுடா. எங்க வெச்சேன்னு தெர்ல. காலீலேர்ந்து தேடிகினு கீறேன், காணோம். நீ எடுத்துகினு பூட்டியா?"

அண்ணி காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். "சக்கர போடுடி. இனிமே இன்னாத்துக்கு சுகரைப் பாத்துகினு?" அண்ணி அழுதுகொண்டே அள்ளிப் போட்டாள். சப்புக்கொட்டிக் குடித்தார். "இப்பதான் இது காப்பி," என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

உத்தமன் அந்தக் கண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். துருவித் துருவிப் பார்த்தார். அதில் பயம் இல்லை. அந்த நிமிஷமே தெருவுக்கு ஓடியவர், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அண்ணன் ஏமாற்றவில்லை என்றால் இத்தனை வருஷமாக ஏமாந்தது யார்?

"அவர வுடுப்பா, வேற ஆளப் பாரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வேற எவன்டா? எங்க அண்ணன நான் புடிச்சிக்கிறேன். தள்ளு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார் உத்தமன். தோளில் கைபோட்டதும் ஜில்லென்று இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. கையை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடி மாட்டி, சந்தனம் பூசி, அண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது. தெருமுக்கு வந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பி உத்தமனைப் பார்த்தது. தெருமுக்கு போனது.

சி.டி.எச். ரோட்டில் மேளம் சூடுபிடித்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏற, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடினார்கள். உத்தமனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். "யோவ் பெருசு! ரெண்டு பேர்ல எவருய்யா பூட்டது?"

"இன்னிக்கு இவரு!" என்று மேளத்தையும் மீறிக் கத்தினார் உத்தமன்.

ஆட்டோவுக்குள் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆட்டோக்காரன் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

வண்டிக்கு முன்னால் போனவன் உதிரிப்பூவை அள்ளி மேலே வீசினான். பாதி உத்தமன் தலையில் கொட்டியது.

"சித்தப்பா, சாவுப் பூவு தலைல வுழுந்துச்சு! தட்டு, தட்டு!" என்று பதறினான் கோகுல்நாத்.

உத்தமன் கையை நீட்டினார். அண்ணன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை மட்டும் எடுத்துவிட்டார்.